பி-தொகுதியைக் கட்டம் போட்டுப் படிக்கும் முறை

தனிம வரிசை அட்டவணையின் வலது ஓரத்து ஆறு நெடுவரிசைகளுக்குப் பி-தொகுதி என்று பெயர். அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாள், பென்சில், இரண்டு கலர் பேனா போதும். தாளில் குறுக்கே ஆறு, நெடுக்கே ஆறு என்று முப்பத்தாறு கட்டம் போடுங்கள். மேலே 13 முதல் 18 வரை எண் எழுதுங்கள், ஒவ்வொரு நெடுவரிசையும் அந்த எண்ணுள்ள தொகுதி. பக்கவாட்டில் 2 முதல் 7 வரை எழுதுங்கள். இப்போது தனிம வரிசை அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்திலும் குறியீட்டையும் அணு எண்ணையும் நிரப்புங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பார்த்து எழுதலாம்.

கோவில்பட்டிப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். பி-தொகுதி என்றாலே அவர்கள் கையில் எடுப்பது மனப்பாட வாக்கியங்கள்தான். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வாக்கியம், அதன் முதல் எழுத்துகளில் தனிமங்கள் ஒளிந்திருக்கும். பெயர் ஞாபகம் வரும், சரி. அந்தத் தனிமம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வாக்கியத்தில் பதில் கிடையாது. கட்டத்தில் கிடைக்கும். எந்தக் கட்டத்துக்கும் அதன் பக்கத்து வீடுகளைப் பார்த்தே பாதிக்கு மேல் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடியாத இடங்கள் சில உண்டு. அவற்றுக்கும் காரணம் உண்டு. பரீட்சைக் கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் ஏன் ஆறு நெடுவரிசை? அணுவின் எலக்ட்ரான் கூட்டுக்குள் எஸ், பி என்று துணைக்கூடுகள் உண்டு. பி துணைக்கூட்டில் மூன்று ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான் தங்கும் இடங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான் உட்காரும், ஆக மொத்தம் ஆறு. 13-ஆம் தொகுதியில் வெளிக்கூட்டில் எஸ்-ல் இரண்டு, பி-ல் ஒன்று. 18-ல் எஸ்-ல் இரண்டு, பி-ல் ஆறு. அதனால் தொகுதி எண்ணிலிருந்து பத்தைக் கழித்தால் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கை வந்துவிடும். 16-ஆம் தொகுதியா? ஆறு. இதைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள், பிறகு கைகொடுக்கும்.

ஹீலியத்தைக் காணோமே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ஹீலியத்துக்கு மொத்தமே இரண்டு எலக்ட்ரான், இரண்டும் எஸ்-ல் இருக்கின்றன. பி என்பதே அதற்குக் கிடையாது. எதனோடும் எளிதில் சேராத மந்த வாயுவைப் போல நடந்துகொள்வதால் நியானுக்கு மேலே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். (1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் இருந்து பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சூரிய ஒளியின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டதாகச் சொல்வார்கள். ஹீலியத்தின் கதை அங்கே நம் பக்கத்தில் தொடங்குகிறது.)

ஏழாவது வரிசையை லேசாகக் கோடு போட்டுத் தள்ளி வையுங்கள். நிஹோனியம் முதல் ஓகனெசான் வரை அந்த ஆறும் ஆய்வகத்தில் சில அணுக்கள் அளவில் உருவாக்கி, சீக்கிரமே சிதைந்து போகிறவை. மீதி முப்பது கட்டங்கள்தான் நமக்கு வேலை.

அடுத்து படிக்கட்டு. இடது ஓரத்தில் போரானுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பேனாவை வைத்துத் தொடங்குங்கள். போரானுக்கு அடியில் வலப்பக்கம் ஒரு கட்டம், பிறகு கீழே ஒரு கட்டம். மறுபடி வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று. இப்படியே போனால் பொலோனியத்துக்கும் அஸ்டடைனுக்கும் நடுவே வந்து முடியும். கோட்டுக்குக் கீழே இடப்பக்கம் உலோகங்கள்: அலுமினியம், காலியம், இண்டியம், தாலியம், வெள்ளீயம், காரீயம், பிஸ்மத், பொலோனியம். மேலே வலப்பக்கம் அலோகங்கள். கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆண்டிமனி, டெல்லூரியம் ஆறும் உலோகப்போலிகள், உலோகத்துக்கும் அலோகத்துக்கும் நடுவில் நிற்பவை. அலுமினியமும் கோட்டைத் தொடுகிறதே என்றால், தொடத்தான் செய்கிறது. அது உலோகம்தான், ஆனால் அதன் ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். கோட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பதன் அடையாளம் அது. பொலோனியத்தைச் சில புத்தகங்கள் உலோகப்போலி என்றும் எழுதும். இந்தக் கோடு நாம் வசதிக்குப் போட்டது. இயற்கை அதை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை.

இப்போது இரண்டு அம்புக்குறி. இடமிருந்து வலம் போகும்போது அணு சுருங்கும், அயனியாக்கும் ஆற்றலும் (அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) எலக்ட்ரான் கவர்தன்மையும் (பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) கூடும். மேலிருந்து கீழே போனால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மந்த வாயுக்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வலது மேல் மூலையில் புளூரின் அலோகத்தன்மையின் உச்சம், இடது கீழ் மூலையில் உலோகங்கள். ஆக்சைடுகளும் அப்படியே. 15-ஆம் தொகுதியில் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆக்சைடுகள் அமிலத்தன்மை. ஆர்சனிக், ஆண்டிமனி ஆக்சைடுகள் இரண்டும் கலந்தவை. பிஸ்மத் ஆக்சைடு காரத்தன்மை. ஒரு நெடுவரிசையை இறங்கினாலே படிக்கட்டைத் தாண்டிவிட்டோம் என்று தெரிகிறது.

அம்புக்குறி போட்டதும் அதைச் சோதித்துப் பாருங்கள். இரண்டாம் வரிசையின் அயனியாக்கும் ஆற்றல், மோலுக்குக் கிலோ ஜூல் கணக்கில்: போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, புளூரின் 1681, நியான் 2081. ஏறிக்கொண்டே போன எண் ஆக்சிஜனில் ஒரு படி இறங்குகிறது பாருங்கள். நைட்ரஜனில் மூன்று பி ஆர்பிட்டாலிலும் ஆளுக்கு ஒரு எலக்ட்ரான். ஆக்சிஜனில் நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஆள் இருக்கும் ஆர்பிட்டாலில் போய் ஜோடி சேர வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், அதனால் ஒன்றைப் பிடுங்குவது கொஞ்சம் சுலபம். இந்த இறக்கத்தைத் தாளில் 15-க்கும் 16-க்கும் நடுவே ஒரு சின்ன முக்கோணமாகக் குறித்து வையுங்கள்.

சரி, இனிதான் உண்மையான பயிற்சி. ஜெர்மானியம் இருக்கும் கட்டத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மூடுங்கள். அப்படி ஒரு தனிமம் இருப்பதே நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். 1871-ல், தனிம வரிசை அட்டவணையை வகுத்த மெண்டெலீவ் இருந்த நிலை இதுதான். சிலிக்கானுக்குக் கீழே ஒரு கட்டம் காலி. அங்கே ஒரு தனிமம் வந்தே தீரும் என்று சொல்லி, அதன் அணு எடை 72, அடர்த்தி 5.5 இருக்கும் என்று எழுதி வைத்தார். 1886-ல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் வேதியியலாளர் விங்க்ளர் அந்தத் தனிமத்தைப் பிரித்தெடுத்தார்.

அதையே நாமும் செய்யலாம், அடுப்பும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். மூடிய கட்டத்துக்கு இடப்பக்கம் காலியம், வலப்பக்கம் ஆர்சனிக், மேலே சிலிக்கான், கீழே வெள்ளீயம். நான்கின் அணு நிறையும் 69.72, 74.92, 28.09, 118.71. கூட்டி நான்கால் வகுத்தால் 72.86. ஜெர்மானியத்தின் உண்மையான அணு நிறை 72.63.

அடர்த்தி? காலியம் 5.91, ஆர்சனிக் 5.73, சிலிக்கான் 2.33, வெள்ளீயம் 7.29. சராசரி 5.3. உண்மை 5.32. அயனியாக்கும் ஆற்றல் 579, 947, 786, 709; சராசரி 755, உண்மை 762. எலக்ட்ரான் கவர்தன்மை 1.81, 2.18, 1.90, 1.96, சராசரி 1.96, உண்மை 2.01. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டு, நாணயத்தை நகர்த்திவிட்டுப் புத்தகத்தில் சரிபார்க்கும்போது வகுப்பில் எழும் சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும். யாரோ எழுதி வைத்த பட்டியலாக இருந்தது, அந்த நிமிடத்தில் அவர்கள் சொன்னபடி கேட்கும் ஒன்றாக மாறிவிடுகிறது.

உடனே உருகுநிலையையும் போட்டுப் பாருங்கள். காலியம் 30 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, வெள்ளீயம் 232, சிலிக்கான் 1414. ஆர்சனிக் சாதாரண அழுத்தத்தில் உருகாமலே சுமார் 615-ல் ஆவியாகிவிடும். அதையே எடுத்துக்கொண்டாலும் சராசரி 573 வருகிறது. ஜெர்மானியம் உருகுவது 938-ல். கணக்கு அடியோடு தப்பு. ஏன்? அணு நிறை, அயனியாக்கும் ஆற்றல் எல்லாம் தனி அணுவின் சொத்து. உருகுநிலை அப்படியில்லை, அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிக் கைகோத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சிலிக்கானும் ஜெர்மானியமும் வைரம் போல நாலாப் பக்கமும் பிணைந்த வலை. காலியத்தின் அடுக்கு முற்றிலும் வேறு. ஆகவே ஒரு பண்பைப் படிக்கும்போது இது அணுவின் பண்பா, கூட்டத்தின் பண்பா என்று முதலில் கேளுங்கள். அணுவின் பண்பு என்றால் பக்கத்து வீட்டை நம்பலாம். கூட்டத்தின் பண்பு என்றால் கட்டமைப்பைப் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது.

இனி சராசரி ஏமாற்றும் மூன்று இடங்களை நிறம் தீட்டுங்கள்: மேல் வரிசை, காலியம் இருக்கும் கட்டம், கீழ் வரிசையின் இடது பாதி.

மேல் வரிசையில் இருப்பவை மிகச் சின்ன அணுக்கள். அவற்றுக்கு டி ஆர்பிட்டாலும் கிடையாது. இந்த இரண்டால் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், புளூரின் நான்கும் தங்களுக்குக் கீழே இருப்பவற்றிலிருந்து விலகி நிற்கின்றன. சின்ன அணுக்கள் நெருங்கி வர முடிவதால் பக்கவாட்டில் பி ஆர்பிட்டால்கள் நன்றாக மேற்பொருந்தி இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் உறுதியாக அமையும். கார்பன் டை ஆக்சைடு தனித்தனி மூலக்கூறாக, சோடாவில் குமிழியாக வருகிறது. அதே நெடுவரிசையில் அடுத்த கட்டத்தின் சிலிக்கான் டை ஆக்சைடு ஆற்று மணல். வாய்பாடு ஒரே மாதிரிதான். சிலிக்கானால் ஆக்சிஜனோடு நல்ல இரட்டைப் பிணைப்பு போட முடியவில்லை, அதனால் ஒற்றைப் பிணைப்புகளாலேயே முடிவில்லாத வலை பின்னிக்கொள்கிறது.

நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கொஞ்சம் நின்று பார்ப்போம். இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோ ஜூல் வேண்டும். ஒற்றைப் பிணைப்போ வெறும் 160 அளவுதான், ஏனென்றால் மிக நெருக்கத்தில், பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் ஜோடிகள் முட்டிக்கொள்கின்றன. மூன்று ஒற்றைப் பிணைப்பு போட்டால் 480. ஒரு முப்பிணைப்புதான் லாபம். பாஸ்பரஸுக்கு இது தலைகீழ். முப்பிணைப்பு சுமார் 490, ஒற்றைப் பிணைப்பு சுமார் 200. மூன்று ஒற்றைப் பிணைப்பு 600. அதனால் நைட்ரஜன் இரண்டிரண்டாகச் சேர்ந்து காற்றில் மிதக்கிறது. பாஸ்பரஸ் நான்கு நான்காகக் கூடித் திடப்பொருளாகக் கிடக்கிறது. அந்த நான்கும் கூடிய உருவம்தான் வெள்ளைப் பாஸ்பரஸ். அதில் பிணைப்புக் கோணம் 60 டிகிரி, பெரிய நெருக்கடி. காற்றில் 30 டிகிரி சுமாருக்கே பற்றிக்கொள்ளும் என்பதால் தண்ணீருக்கு அடியில் வைக்கிறார்கள். அந்த நான்கில் ஒரு பிணைப்பு அறுந்து, ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் சிவப்புப் பாஸ்பரஸ். இது சாது.

எங்கள் ஊர்ப் பக்கம் இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பூசியிருக்கும் பழுப்புப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் பசையும் இருக்கும். குச்சியின் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கும், பழைய முறையில் ஆண்டிமனி சல்பைடும் சேர்ப்பார்கள். உரசும் சூட்டில் பட்டையில் உள்ள சிவப்புப் பாஸ்பரஸில் துளியளவு வெள்ளைப் பாஸ்பரஸாக மாறிப் பற்றிக்கொள்ளும். அந்தப் பொறியில் குளோரேட் ஆக்சிஜனை விடும், கந்தகம் எரியும், குச்சி பிடித்துக்கொள்ளும். ஒரு தீப்பெட்டியில் எத்தனை பி-தொகுதித் தனிமங்கள் என்று உங்கள் கட்டத்தில் தேடிக் குறியுங்கள்: பாஸ்பரஸ், கந்தகம், ஆக்சிஜன், குளோரின், கண்ணாடியில் சிலிக்கான், குச்சியில் கார்பன். நான்கு நெடுவரிசை முடிந்தது. முன்பு குச்சியின் தலையிலேயே வெள்ளைப் பாஸ்பரஸை வைத்தார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1906-ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அதைத் தடைசெய்ய ஒப்புக்கொண்டன. இந்தியாவில் 1913-ல் சட்டம் வந்தது. ஒரே தனிமத்தின் வெவ்வேறு உருவங்களைப் புறவேற்றுமை வடிவம் என்று இரண்டு மதிப்பெண் கேள்வியில் படிக்கிறோமே, அந்த வேறுபாட்டில் மனிதர்களின் உயிர் இருந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தை நடத்துவதில்லை.

புளூரினும் இதே காரணத்தால்தான் தடம் மாறுகிறது. 17-ஆம் தொகுதியான ஹாலஜன்களின் பிணைப்பு ஆற்றல் குளோரின் 242, புரோமின் 193, அயோடின் 151 என்று ஒழுங்காக இறங்குகிறது. மேலே இருக்கும் புளூரின் 158 மட்டுமே. நைட்ரஜனின் ஒற்றைப் பிணைப்பில் பார்த்த அதே முட்டல். எலக்ட்ரான் நாட்டத்திலும் (ஒரு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல்) குளோரின் 349, புளூரின் 328. காரணத்தை ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டால் மூன்று கேள்விக்கு விடை எழுதலாம்.

காலியத்தின் கதை வேறு. அலுமினியத்தின் அணு ஆரம் 143 பிக்கோமீட்டர். கீழே ஒரு கூடு கூடுதலாக உள்ள காலியம் பெரிதாக இருக்க வேண்டும், ஆனால் 135-தான். அலுமினியத்தைத் தாண்டி அடுத்த வரிசையில் காலியத்துக்கு வருவதற்குள் நடுவில் ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள் வந்துவிட்டன. அணுக்கருவில் பத்துப் புரோட்டான் ஏறியது. அவற்றோடு வந்த டி எலக்ட்ரான்கள் கருவின் இழுப்பைத் திரைபோல மறைப்பதில் திறமையற்றவை. வெளி எலக்ட்ரான்களைக் கரு இறுக்கிப் பிடிக்கிறது. அயனியாக்கும் ஆற்றல் 577-லிருந்து 579 என்று இறங்காமல் நிற்பதும் இதனால்தான். கோடையில் நம் ஊர் மேசையில் வைத்தாலே உருகும் உலோகம் இது.

கீழ் வரிசைக்கு ஓரத்தில் எழுதிய அந்தக் கழித்தலை எடுங்கள். தொகுதி எண்ணில் பத்தைக் கழித்தால் உச்ச ஆக்சிஜனேற்ற நிலை, அதாவது பிணைப்பில் அணு விட்டுக்கொடுக்கும் எலக்ட்ரான்களின் கணக்கு. பன்னிரண்டைக் கழித்தால் கீழே இருப்பவை விரும்பும் நிலை. தாலியத்துக்கு 3-க்குப் பதில் 1, காரீயத்துக்கு 4-க்குப் பதில் 2, பிஸ்மத்துக்கு 5-க்குப் பதில் 3. எஸ்-ல் உள்ள இரண்டு எலக்ட்ரானும் பிணைப்புக்கு வராமல் உள்ளேயே இருந்துவிடுகின்றன. மந்த இணை விளைவு என்பது இதுதான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பேட்டரி இந்த விளைவில்தான் ஓடுகிறது. ஒரு தகட்டில் காரீய டை ஆக்சைடு, அங்கே காரீயம் 4-ல் இருக்கிறது. இன்னொரு தகட்டில் வெறும் காரீயம், அதாவது பூஜ்யம். கரண்ட் போனதும் இரண்டும் 2-க்கு வரத் துடிக்கின்றன, இரண்டும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அந்தத் துடிப்பே மின்சாரம். பேட்டரிக்குள் இருக்கும் ஒரு அறைக்கு (செல்) சுமார் 2 வோல்ட், ஆறு அறைக்கு 12. இதில் ஆச்சரியம் ஒன்று உண்டு. காரீயத்தின் கருவில் 82 புரோட்டான். அதன் அருகே வரும் எஸ் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவுக்கு விரைகின்றன, அதனால் ஐன்ஸ்டீனின் சார்பியல் விளைவுப்படி அந்த ஆர்பிட்டால் சுருங்கி உள்ளே போகிறது. 2011-ல் வந்த கணக்கீடு ஒன்று, அறையின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை இந்தச் சார்பியல் விளைவால் வருவது என்று காட்டியது. ஒரு படி மேலே உள்ள வெள்ளீயத்துக்கு 4-ல் இருப்பதே வசதி. அதனால்தான் வெள்ளீயம் 2-ல் இருக்கும் ஸ்டேனஸ் குளோரைடு நல்ல ஒடுக்கி (எலக்ட்ரானைக் கொடுப்பது). காரீய டை ஆக்சைடு நல்ல ஆக்சிஜனேற்றி (எலக்ட்ரானைப் பறிப்பது). இந்த இரண்டையும் சேர்த்தே படியுங்கள், தனித்தனியாகப் படித்தால் குழம்பும்.

18-ஆம் தொகுதிக்கு அதிக நேரம் வேண்டாம். ஆனால் மந்தம் என்ற பெயரை நம்பி எண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள். 1962-ல் கனடாவில் வேதியியலாளர் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே ஒரு எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் 1175. செனானுடையது 1170. அப்படியானால் செனானிடமும் பறிக்கலாமே என்று கலந்து பார்த்தார். ஆரஞ்சும் மஞ்சளுமான திடப்பொருள் வந்தது, மந்த வாயுவின் முதல் உண்மையான சேர்மம். அவர் செய்தது இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்ததுதான்.

இப்போது நாணயத்தை எடுத்து செலினியத்தின் மேல் வையுங்கள். மேலே கந்தகம், கீழே டெல்லூரியம், இடப்பக்கம் ஆர்சனிக், வலப்பக்கம் புரோமின். அணு நிறைக்குச் சராசரி 78.6 வரும், உண்மை 78.97. எலக்ட்ரான் கவர்தன்மைக்கு 2.46 வரும், உண்மை 2.55. அயனியாக்கும் ஆற்றலுக்கு 1000, 869, 947, 1140 என்று போட்டால் 989 வருகிறது. புத்தகத்தில் 941 என்று இருக்கும், ஆர்சனிக்கைவிடவும் குறைவு. அந்த 48 எங்கே போனது என்று இரண்டாம் வரிசையில் நீங்கள் போட்ட சின்ன முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, விடையை உங்கள் சொந்த வாக்கியத்தில் தாளின் பின்பக்கம் எழுதுங்கள்.